வெள்ளையாக விட்ட இடம்

அத்தியாயம் 14

சம்பந்தியம்மா சாயங்காலம் வருகிறார் என்றால் ஒரு வீடு காலையிலிருந்து என்ன பாடுபடும் என்பதைப் பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுமலதாவின் வீட்டில் அன்று அந்தப் பாடு இரண்டு பங்காக இருந்தது. கேசரிக்கு ரவை வறுக்க வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைக்க வேண்டும், கூடவே ஒரு மலையையும் வரைந்து முடிக்க வேண்டும்.

மலை என்றால் வத்தல்மலை. சாப்பாட்டு மேசையில் ஒரு பலகை, பலகையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டிய கெட்டிக் காகிதம், அந்தக் காகிதத்தில் பாதி மலை காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்தது.

போன வாரம் மகள் காவியா போட்ட குண்டை யாரும் மறந்திருக்க முடியாது. "என் கல்யாணப் பத்திரிகையில அம்மா வரைஞ்ச படம்தான் முன்னாடி வரணும். கடையில அடுக்கி வெச்சிருக்கிற தங்கக் கலர் பத்திரிகை எதுவும் எனக்கு வேணாம்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஓசூர் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பத்துப் பேரை மேய்க்கிற பெண். அவளிடம் வாதாடி ஜெயிக்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. மாப்பிள்ளை சங்கரும் போனிலேயே சரி என்றுவிட்டான். கல்யாணத்துக்கு முன்னால் எந்த மாப்பிள்ளை மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்?

சுமலதாவின் வீட்டுக்காரர் திருமால் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"நம்ம மல்லித் தோட்டத்தை வரை. மலையை வரை. நடுவுல அந்த வூடு மட்டும் வரக் கூடாது."

அந்த வீடு, அவருடைய அண்ணன் கோவிந்தனின் வீடு. தோட்டத்து வரப்பில் நின்று மலையைப் பார்த்தால் சரியாக நடுவில் நிற்கும். மூன்று கோடைக்கு முன்னால் பொதுக் கிணற்றில் யார் முறைக்கு யார் மோட்டார் போட்டது என்று ஆரம்பித்த பேச்சு, "செத்தாலும் உன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று திருமால் கத்தியதில் முடிந்தது. "மிதிக்கவும் வேணாம், போ" என்றார் அண்ணன். ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுப் பெண்களின் பேச்சும் அதோடு சேர்ந்து நின்றது. பெண்களை யாரும் கேட்கவில்லை.

இனி ஓவியத்தின் கதை. சுமலதா பிரஷ் பிடித்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. காவியா வேலைக்குப் போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே குறைந்துபோயிருந்தது. மொரப்பூரில் பஸ் ஏறி அரூருக்கு மருந்து வாங்கப் போன ஒருநாள், போட்டோ ஸ்டுடியோ மாடியில் 'வாட்டர்கலர் வகுப்பு' என்ற பலகையைப் பார்த்தாள். அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று ஏறிப் போனவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏற ஆரம்பித்துவிட்டாள். கூடப் படிக்கிறவர்கள் ஐந்தாவது, ஆறாவது படிக்கிற பிள்ளைகள். சொல்லிக்கொடுக்கிற ஜெயபிரியாவுக்குக் காவியா வயதுதான் இருக்கும்.

முதலில் மல்லிகை வரையச் சொன்னாள் ஜெயபிரியா. சுமலதா ஒரு தாள் நிறைய வரைந்து பெருமையாக நீட்டினாள்.

"ஆண்ட்டி, எல்லாமே மொட்டா இருக்குதே. பூ எங்க?"

மல்லித் தோட்டக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது! விடிவதற்குள் மொட்டாகப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பினால்தான் அவர்கள் வீட்டில் அதற்குப் பூ என்று பெயர். செடியிலேயே மலர்ந்துவிட்டால் வியாபாரி கையால் தொட மாட்டார். கல்யாணமாகி வந்த நாளாக அந்தத் தோட்டத்தில் நிற்கிறவள், செடியில் மலர்ந்த குண்டுமல்லியை நின்று பார்த்ததே அதற்குப் பிறகுதான்.

இன்னொரு பாடம் இதைவிடக் கஷ்டமாக இருந்தது. வாட்டர்கலரில் வெள்ளையை யாரும் பூச மாட்டார்களாம்.

"வெள்ளை வேணும்னா அந்த இடத்தை முதல்லயே விட்டுடணும் ஆண்ட்டி. பேப்பரோட வெள்ளைதான் வெள்ளை. மேல கலர் போயிடுச்சுன்னா அப்புறம் எவ்ளோ தேய்ச்சாலும் வராது."

சுமலதா நாலைந்து தாளைப் பாழாக்கிய பிறகுதான் அது கைக்கு வந்தது.

*

வெயில் உச்சிக்கு வருவதற்குள் படம் முடிந்தது. காவியா பின்னால் வந்து நின்று தாயின் தோளில் மோவாயை வைத்துப் பார்த்தாள்.

முன்னால் மல்லிச் செடி. இலைகளைக் கரும்பச்சையாகப் போட்டு, நடுவில் விட்ட வெள்ளையில் மொட்டுகளும் ஒரேயொரு மலர்ந்த பூவும் இருந்தன. அதற்கப்பால் வயல். கடைசியில் நீலமாக மலை. மலைக்கும் வயலுக்கும் நடுவில் மூன்று தென்னை மரங்கள்.

"சூப்பரும்மா" என்றாள். அப்புறம் கண்ணைச் சுருக்கினாள். "அங்க ஏதும்மா தென்னை மரம்?"

"அழகா இருக்கட்டுமேன்னு போட்டேன்."

"பெரியம்மா வூட்டை மறைக்கப் போட்டியா?"

"மெதுவாப் பேசுடி. அப்பா பைக் சத்தம் கேக்குது."

பெரியம்மா என்றால் கோவிந்தனின் மனைவி பாஞ்சாலி. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். இவர்கள் அப்படி இருந்ததில்லை. காவியா பிறந்த கையோடு சுமலதா மஞ்சள் காமாலையில் படுத்தபோது, குழந்தையை மாதக்கணக்கில் தோளில் போட்டு வளர்த்தவள் அந்த அக்காதான். முதல் சோறு ஊட்டியதும் அவள்தான். அவள் வராமல் இந்தக் கல்யாணம் நடந்துவிடுமோ என்ற பயம் நிச்சயமான நாளிலிருந்து சுமலதாவைத் தின்றுகொண்டிருந்தது. வாய் திறந்து கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டு, திருமால் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டால் அப்புறம் கேட்கவே வழியில்லையே!

திருமால் உள்ளே வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படத்தின் முன்னால் குனிந்தார். அவர் கண் முதலில் போனது பூவுக்கும் இல்லை, மலைக்கும் இல்லை. நேராக நடுவில் போய் நின்றது. தென்னை மரங்களைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது.

"நம்ம தோட்டமேதான். ஏன் லதா, நெசமாவே நீ போட்டதா?"

"பின்ன, பக்கத்து வூட்டுக்காரரா வந்து போட்டாரு?"

"இல்ல, இவ்ளோ நல்லா வரும்னு நெனைக்கல" என்றார்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அவளைப் புகழ்ந்த தருணங்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். சுமலதாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் எதற்காக அந்தப் புகழ்ச்சி என்று தெரிந்ததால் அது முழுதாக ஒட்டவில்லை. ரவை வறுக்கிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

*

ரவை பாதி வறுபட்டிருக்கும்.

"லதா..." என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. திருமாலுக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

நடந்தது இதுதான். மனிதர் குளித்துவிட்டு, வேட்டி மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு, முதல் பத்திரிகை சாமிக்குத்தானே வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகைக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் யார் சாமி முன்னால் வைப்பார்கள்? கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்திருக்கிறார். கொஞ்சம் தண்ணீர் அதிகமாகிவிட்டது. நான்கு மூலையிலும் கட்டை விரலால் தாராளமாக வைத்து, பலகையைத் தூக்கிக் குலதெய்வத்தின் படத்துக்கு முன்னால் நேராக நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறார். கண்ணைத் திறந்தபோது, மேல் மூலை இரண்டிலிருந்தும் மஞ்சள் வழிந்து வானத்தைத் தாண்டி மலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பதறிப்போய்த் துண்டின் நுனியால் துடைத்திருக்கிறார்.

அந்தத் துடைப்பில் வத்தல்மலை மொத்தமும் பச்சைக் குழம்பாகிவிட்டது.

"ப்பா!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள் காவியா. "மஞ்சள் வெக்கிறது அச்சடிச்சு வந்த பத்திரிகைக்குப்பா! இது ஒரிஜினல்! பிரஸ்ல இதைத்தான் ஸ்கேன் பண்ணணும்!"

"சாமிக்கு மொதல்ல வெச்சிடலாம்னு..."

"போன்ல ஒரு போட்டோகூட எடுக்கலையே. எடுத்திருந்தாலும் அச்சுல மங்கிடும்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு ராத்திரிக்குள்ள குடுக்கலன்னா அந்தப் பிரஸ்ல வேலையே எடுத்துக்க மாட்டாங்க."

திருமால் திருட்டுத்தனம் செய்து மாட்டிய பிள்ளைபோல மஞ்சள் விரலோடு நின்றார். சுமலதா பலகையை வாங்கி மேசையில் படுக்க வைத்தாள். கத்தவும் மனசு வரவில்லை. கெடுக்க வேண்டும் என்றா செய்தார்? ஆசையாகக் கும்பிட்டல்லவா கெடுத்திருக்கிறார்!

ஜெயபிரியாவுக்குப் போன் போட்டாள்.

"மஞ்சளா? ஐயோ ஆண்ட்டி! அது பேப்பரைப் பிடிச்சிச்சுன்னா விடாது. தேய்க்காதீங்க. வேற தாள் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குது கண்ணு."

"அப்போ மறுபடியும் போடுங்க. பயப்படாதீங்க. கை ஏற்கெனவே ஒரு தடவை போயிட்டு வந்த வழிதானே."

காவியா தயங்கினாள். "வேணாம்மா. கடைப் பத்திரிகையே போதும். நீ டென்ஷன் ஆகாத."

பெற்ற பெண்ணே நம்பிக்கையைத் தளரவிட்டதும்தான் சுமலதாவுக்கு ரோஷம் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பலகையை எடு. வூட்டுக்குள்ள வேணாம், வரப்புல உக்காந்துக்கறேன்."

"நீ சும்மா போ, நான் தூக்கியாறேன்" என்று திருமால் முந்திக்கொண்டார்.

*

தோட்டத்து ஓரத்தில் ஒரு புங்கமரம். அதன் நிழலில் ஸ்டூலைப் போட்டுப் பலகையை வைத்தார் திருமால். இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று நல்ல தண்ணீர். அவராகவே எதிரில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க போய்ப் படுங்க. மாடு வேற கத்துது."

"காவியா பாத்துக்குவா. கெடுத்தவன் நானு, கூட இருக்கறேன்."

"கூட இருந்து என்னா பண்ணுவீங்க?"

"காத்து வந்தா காயிதத்தப் புடிச்சிக்கறேன்."

சித்திரை வெயிலில் காகிதம் சட்டுச் சட்டென்று காய்ந்தது. காகிதத்துக்கும் ஒரு பதம் உண்டு. தண்ணீர் மினுமினுவென்று நிற்கும்போது வண்ணத்தை வைத்தால் கண்டபடி ஓடும். காய்ந்த பிறகு வைத்தால் வரப்புப்போலக் கோடு கட்டும். மினுமினுப்பு அடங்கி, ஈரம் மட்டும் உள்ளே இருக்கிற நேரம் ஒன்று வரும், அப்போது வைக்க வேண்டும். மழை விட்ட பிறகு நிலத்தில் எப்போது கால் வைக்கலாம் என்று பார்த்துப் பழகியவளுக்கு அந்த நேரம் கண்ணில் தெரிந்தது.

வானம் போட்டாள். மலை போட்டாள். காலையில் பயந்து பயந்து போட்ட மலை, இப்போது இரண்டே இழுப்பில் வந்து உட்கார்ந்தது. திருமால் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது வயல். பெரிய பிரஷ் நிறையப் பச்சையைத் தோய்த்து இடது ஓரத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தாள். இந்தப் பச்சையை ஆரம்பித்தால் வலது ஓரம் போய்ச் சேரும் வரைக்கும் நிறுத்தக் கூடாது. நடுப்பக்கம் வந்ததும் நிமிர்ந்து எதிரில் பார்த்தாள். அண்ணன் வயலில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதற்கு மேலே வீட்டின் ஓடும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் தெரிந்தன. வாசலும் கதவும் சோளத்துக்குப் பின்னால் மறைந்திருந்தன.

பச்சை அந்த இடத்தை நெருங்கியது. விட்டால் இப்போதே விட வேண்டும். இழுத்துவிட்டால் அந்த வீடு போனது போனதுதான்.

சுமலதாவின் கை ஒரு சின்னப் பெட்டி அளவுக்கு வளைந்து, சுற்றிக்கொண்டு போனது. நடுவில் காகிதம் வெள்ளையாக நின்றது.

"அங்க ஏன் வுட்டுட்ட?" என்றார் திருமால்.

அவள் பிரஷை இழுத்துக்கொண்டே போனாள்.

"லதா, கேக்கறேன்ல?"

"இருங்க. இப்ப நின்னா கோடு விழுந்துடும். முடிச்சிட்டுச் சொல்றேன்."

வலது ஓரம் வரைக்கும் கொண்டுபோய் முடித்தாள்.  மூன்று வருஷமாக வராத தைரியம், இனி ஒரு நிமிஷம் தாண்டினால் போய்விடும் என்று தெரிந்தது.

"அது பாஞ்சாலி அக்கா வூடுங்க."

"வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. காலையில இல்லாத மரத்தை வெச்சு மறைச்சேன். எனக்கே பாக்கப் புடிக்கல. அக்கா வராத கல்யாணம் எனக்குக் கல்யாணம் மாதிரியே தோணலீங்க. எம் பொண்ணுக்கு மொதச் சோறு ஊட்டுன கை அது. நீங்க ரெண்டு பேரும் கெணத்துக்குச் சண்டை போட்டீங்க, சரி. நாங்க என்னா பண்ணோம்?"

திருமாலின் தாடை இறுகியது.

சுமலதா பிரஷை அவர் பக்கம் நீட்டினாள். "இன்னும் ஈரமாத்தான் இருக்குது. இந்தாங்க. பச்சையை ஒரு இழுப்பு இழுத்து வுடுங்க, மறைஞ்சிடும். என் கையால நான் மறைக்க மாட்டேன்."

அவர் வாங்கிக்கொண்டார். வாங்குவார் என்று அவள் நினைக்கவேயில்லை. அந்தப் பெரிய கைக்குள் பிரஷ் பல்குத்தும் குச்சிபோல இருந்தது. நுனியிலிருந்து பச்சை ஒரு சொட்டு அவர் வெள்ளை வேட்டியில் விழுந்தது. பலகையை நோக்கிக் குனிந்தார். சுமலதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடடே! அண்ணாவும் படம் வரையறாரா?"

வரப்பில் காவியா முன்னால் வர, பின்னால் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி சம்பந்தியம்மா அமுதவல்லி வந்துகொண்டிருந்தார். சாயங்காலம் என்று சொன்னவர் இன்னும் வெயில் இறங்குவதற்குள் வந்துவிட்டார். பாலக்கோட்டில் தக்காளி மண்டி நடத்துகிற குடும்பம். அதிகாலையில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு மதியம் சாய்ந்தாலே சாயங்காலம்தான்.

"வாங்க அண்ணி" என்று சுமலதா பதறி எழுந்தாள்.

"உக்காருங்க, உக்காருங்க. காவியா எல்லாம் சொல்லிடுச்சு. மஞ்சள் வெச்சாராமே!" அமுதவல்லி சிரித்துக்கொண்டே பலகையைக் குனிந்து பார்த்தார். "மலை அம்சமா இருக்குது. ஆமா, இது மல்லியா? பூவுக்குக் கலர் அடிக்க மறந்துட்டீங்களே அண்ணி?"

படத்தின் அடிப்பக்கத்தில் மொட்டுகளுக்குப் பென்சிலால் சின்னச் சின்ன வட்டம் மட்டும் இருந்தது.

"அதை அப்படியே வுட்டுடுவாங்க அத்தை. சுத்தி இலையைப் போட்டா பூ தானா வெளிய வரும்" என்றாள் காவியா.

"அப்படியா! நம்ம தொழில்ல எதையும் சும்மா வுட முடியாது, இதுல சும்மா வுட்டாத்தான் பூவா? நல்ல தொழிலா இருக்குதே!" அவர் விரல் மேலே ஏறி, நடுவில் நின்றது. "இதுவும் பூவா? பெருசா இருக்குது?"

 காவியா தாயைப் பார்த்தாள். தாய் சொம்புத் தண்ணீரைப் பார்த்தாள். அண்ணன் தம்பி சண்டை பாலக்கோடு வரைக்கும் தெரிந்த சண்டைதான். நிச்சயத்தன்று அண்ணன் குடும்பம் வராததை அமுதவல்லி கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். அவர் கேட்கவில்லை. இன்று விரலை வைத்துக் கேட்டுவிட்டார்.

திருமால் இன்னும் பிரஷைப் பிடித்தபடி இருந்தார். தொண்டையைச் செருமினார்.

"அதுங்களா... அது எங்க அண்ணன் வூடுங்க. இன்னும் போடல."

சுமலதாவுக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. அமுதவல்லி ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு மண்டிக்காரியாகவே பேசினார்.

"அப்ப போட்டுடுங்கண்ணா, நேரமாவுது. பிரஸ்ஸுக்குக் கொண்டுபோக ஆறு மணிக்கு சங்கரு வண்டி எடுத்துக்கிட்டு வந்துடுவான்."

திருமால் பிரஷைத் திருப்பிக் கொடுத்தார். காகிதத்தில் பச்சை அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. இனி யார் நினைத்தாலும் அந்த இடத்தில் ஒட்டுத் தெரியாமல் பச்சையைப் பூச முடியாது.

*

அமுதவல்லி கல்லில் உட்கார்ந்துகொண்டார். காவியா கேசரியை முடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சுமலதா சின்ன பிரஷை எடுத்தாள்.  

ஓட்டுக்குச் செம்மண் நிறம். தொட்டிக்குக் கறுப்பு. சுவரை வெள்ளையாகவே விட்டு, ஒரு பக்கம் மட்டும் லேசாக நிழல் கொடுத்தாள். வெயிலில் நிற்கிற வீடாக அது எழுந்து வந்தது.

"மக்காச்சோளத்தை எல்லாம் அறுத்துட்டியாம்மா?" என்று காவியா கிண்டல் செய்தாள். "வாசல் தெரியுதே!"

"கல்யாண வூட்டுப் படத்துல வாசலை மறைப்பாங்களாடி?"

வாசல் போட்டாள். கதவுக்கு வந்தாள். அந்தக் கதவை எத்தனை முறை தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பாள்! 'அக்கா, மோர் இருக்குதா? அக்கா, காவியா தூங்கிட்டாளா?' நினைவிலிருந்தே பச்சையைக் கலந்தாள். பிரஷ் நுனியைக் காகிதத்துக்குக் கொண்டுபோனாள்.

"பச்சை இல்ல" என்றார் திருமால்.

கை நின்றது.

"நீலம். போன பொங்கலுக்கு மாத்திட்டாங்க. நல்லா மயிலு கழுத்து நீலம்."

சுமலதா எதிரில் பார்த்தாள். சோளத்துக்கு மேல் ஓடும் தொட்டியும்தான் தெரிந்தன.

"இங்கிருந்து கதவு தெரியாதேங்க. நீங்க எங்க பாத்தீங்க?"

"சொசைட்டிக்குப் பாலு ஊத்தப் போறப்ப."

"சொசைட்டி மேக்கால இருக்குது. அவங்க வூடு எங்க இருக்குது?"

திருமால் மலையைப் பார்த்தார். வேட்டியில் விழுந்த பச்சைச் சொட்டைத் தேய்த்தார்.

"சுத்திக்கிட்டுத்தான் போறேன்" என்றார்.

தினமும் காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போய், வர இவ்வளவு நேரமாகிறதே என்று அவள் சண்டை பிடித்திருக்கிறாள். டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார் என்று நினைத்திருக்கிறாள். அண்ணன் வாசலைப் பார்ப்பதற்காக மனுஷன் ஊரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்! பார்த்துவிட்டு வந்து, அந்த வீடு படத்தில்கூட வரக் கூடாது என்று முறுக்கிக்கொண்டும் நின்றிருக்கிறார். சுமலதாவுக்குக் கோபமும் பாசமும் ஒன்றாக வந்தன. அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும்போலவும் இருந்தது, அந்த மஞ்சள் விரலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. சம்பந்தி எதிரில் இரண்டும் முடியாது. பச்சையைக் கழுவிவிட்டு நீலத்தைத் தொட்டாள்.

கதவு நீலமாக வந்து நின்றது.

"அப்புறம் ஒண்ணு" என்றார் அமுதவல்லி, கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு. "பொண்ணு வூட்டுப் பக்கம் பெரியவங்கள்ல யாரு பேரை மொதல்ல போடறதுன்னு பிரஸ்ல கேட்டாங்க. நான் இன்னும் சொல்லல. அண்ணா, நீங்கதான் சொல்லணும்."

குடும்பத்தில் மூத்தவர் இருக்கும்போது இளையவர் பெயர் முதலில் வருகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ப்பா..." என்று காவியா ஆரம்பித்தாள். சுமலதா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

திருமால் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி தோளில் போட்டார். பிறகு அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுக்கிட்டு வந்துடறேன்" என்றார்.

யாரிடம் என்று அவர் சொல்லவில்லை. வரப்பில் நடந்தார். மல்லிச் செடிகளைத் தாண்டினார். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் போனதும் நின்றார். சுமலதா வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள். 'திரும்பிடாதீங்க. இவ்வளவு தூரம் போயிட்டுத் திரும்பிடாதீங்க' என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அவர் குனிந்து, செருப்பைக் கழற்றிக் கல்லோரம் விட்டுவிட்டு, அண்ணனின் சோளக்காட்டுக்குள் நுழைந்தார்.

ஆள் மறைந்துவிட்டார். சோளத் தட்டைகளின் தலை மட்டும் அவர் போகிற வழியில் ஒன்றன்பின் ஒன்றாக ஆடிக்கொண்டே போனது. காட்டின் பாதி வரைக்கும் போனது. அங்கே நின்றுவிட்டது. காற்றுகூட இல்லை. மூன்று பெண்களும் அந்த இடத்தையே பார்த்தபடி நின்றார்கள்.

"போக மாட்டாரும்மா" என்றாள் காவியா, அழுகிற குரலில்.

"இரு."

"நின்னுட்டாரும்மா."

"இருடி, பாரு" என்றாள் சுமலதா.

வீட்டுப் பக்கத்திலிருந்து, அந்தக் கோடியில், சோளத் தட்டைகள் அவர் நின்ற இடத்தை நோக்கி ஆட ஆரம்பித்தன.